கிளையன்ட்டின் மௌனத்துக்கு நீங்களே அர்த்தம் எழுதாதீர்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"11 மாதங்களாக வீட்டிலிருந்து விர்ச்சுவல் அசிஸ்டென்ட்டாக வேலை செய்கிறேன். இரண்டு கிளையன்ட்கள். அவர்களுடைய இன்பாக்ஸ், காலண்டர், பயண டிக்கெட், இன்வாய்ஸ் எல்லாம் என் பொறுப்பு. இருவரையும் நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் 'ஓகே' என்று மட்டும் பதில் போட்டால்கூட, ஏதோ கோபம் என்று வயிற்றைப் பிசைகிறது. ஒருநாள் இரவு 'நாளைக்குக் கொஞ்சம் பேசணும்' என்று மெசேஜ் வந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்து விடிய விடிய விழித்திருந்தேன். காலையில் பேசினால், வாரத்துக்கு 5 மணி நேரம் கூடுதலாக வேலை தர விரும்புவதாகச் சொன்னார்! போனை விட்டு நகர முடிவதில்லை. குளிக்கப் போகும்போதும் கையோடு எடுத்துப் போகிறேன். மார்ச் மாதம் ஒரு மீட்டிங் நேரத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். கிளையன்ட் அதோடு விட்டுவிட்டார், என்னால்தான் விட முடியவில்லை. வீட்டில் உள்ளவர்களோ, 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்கிறார்கள். என் மனசு இந்த வேலைக்குப் போதாதோ? இப்போது மூன்றாவதாக ஒரு கிளையன்ட் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?"

அன்புத் தோழிக்கு,

மூன்றாவது கிளையன்ட் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 'மனசு போதாதோ' என்ற கேள்வி. போதும். முகமே தெரியாத இரண்டு பேரின் அந்தரங்கமான இன்பாக்ஸை 11 மாதம் பொறுப்பாகக் கவனித்து, அதில் ஒருவர் கூடுதல் வேலை தர முன்வந்திருக்கிறார் என்றால், குறை உங்கள் மனத்திடத்தில் இல்லை. உங்களுக்கு எந்தத் தகவலும் வந்து சேராத ஓர் ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்வதாக நினைத்துப் பாருங்கள். காலையில் மேலாளர் உங்களைக் கடந்து போகும்போது தலையசைக்கிறார். நீங்கள் கொடுத்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைக்கிறார். அவர் முகம் சுருங்கினால், பக்கத்து இருக்கைக்காரர் "அவருக்கு இன்றைக்கு ஆடிட்டிங், அதான்" என்று காதோடு சொல்லிவிடுவார். மாலையில் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததும் நீங்களும் எழுகிறீர்கள். நம் வேலை சரியாகப் போகிறது, இன்றைய நாள் முடிந்தது, நாம் தனியாக இல்லை என்ற மூன்று செய்திகளும் கேட்காமலே நாள் முழுக்கக் கண்ணிலும் காதிலும் விழுந்துகொண்டே இருக்கும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். உங்கள் வேலையில் அந்த முகமே இல்லை. 'ஓகே' என்ற இரண்டெழுத்துதான் இருக்கிறது.

செய்தி வராத இடத்தை மனம் காலியாக விட்டுவைக்காது. அங்கே எதையாவது நிரப்பும். நம் வருமானமே அதில் தொங்கும்போது, நிரப்புவது பெரும்பாலும் பயமாகத்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்களுக்கு அந்த இருட்டு, கிளையன்ட் பதில் சொல்லாத நேரம். அதனால் 'தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. அலுவலகம் சும்மா கொடுத்த அந்த மூன்று செய்திகளையும் இனி நீங்கள் கேட்டு, எழுதி, ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எப்படி என்பதுதான் இந்தப் பதில்.

'ஓகே'யிலிருந்து தொடங்குவோம். எழுத்தில் வரும் தொனியை நாம் எவ்வளவு தவறாகப் படிக்கிறோம் என்பதை ஜஸ்டின் குருகர், நிக்கோலஸ் எப்லி முதலான ஆய்வாளர்கள் 2005-ல் சோதித்துப் பார்த்தார்கள். தாங்கள் சீரியஸாகச் சொல்கிறோமா, கிண்டலாகச் சொல்கிறோமா என்பது படிப்பவருக்கு 78 சதவீதம் சரியாகப் புரிந்துவிடும் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 சதவீதம் சரியாக வந்துவிடும்! கிறிஸ்டின் பைரன் 2008-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது. மகிழ்ச்சியோடு எழுதிய மின்னஞ்சல் படிப்பவருக்குச் சாதாரணமாகத் தெரிகிறது, சாதாரணமாக எழுதியதோ கடுமையாகத் தெரிகிறது என்பது அவருடைய வாதம். இதை உங்கள் கிளையன்ட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மனநிறைவோடு போட்ட 'ஓகே' உங்களுக்கு வெறும் 'ஓகே'யாக வந்து சேருகிறது. இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே லிஃப்டில் நின்றபடி தட்டிய 'ஓகே' கோபமாக வந்து சேருகிறது. அவர் அனுப்பியது ஒன்று, நீங்கள் படித்தது வேறொன்று.

இதற்கு நான் ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி மிக எளிமையானது. ஒரு நோட்டில் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், வந்த மெசேஜை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். வலது பக்கம், உங்கள் மனம் அதை எப்படிப் படித்தது என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்வோம். இடது பக்கம்: 'நாளைக்குக் கொஞ்சம் பேசணும்.' மூன்றே சொற்கள். வலது பக்கம்: 'என் வேலையில் திருப்தி இல்லை. வேறு ஆள் பார்த்துவிட்டார். மார்ச் மாதத் தவற்றை மறக்கவில்லை. அடுத்த மாதம் வருமானம் பாதியாகிவிடும்.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கத்தை எழுதியது கிளையன்ட். வலது பக்கத்தை எழுதியது யார்?

விஷயம் தெரிந்த பிறகு கீழே மூன்றாவதாக ஒரு வரி சேருங்கள்: உண்மையில் நடந்தது என்ன? '5 மணி நேரம் கூடுதல் வேலை.' இப்படி 20, 30 பதிவுகள் சேரட்டும். உங்கள் பயம் எத்தனை முறை பலித்தது என்பதை உங்கள் கையெழுத்திலேயே படிப்பீர்கள். இதை மனத்துக்குள் செய்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. பயம் மனத்துக்குள் மிக வேகமாக ஓடும், கையெழுத்தின் வேகத்துக்கு அதனால் ஓட முடியாது. சில முறை வலது பக்கம் எழுதியது சரியாகவும் இருக்கலாம். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்போது எந்தக் கிளையன்ட்டிடம், எந்த விஷயத்தில் உண்மையிலேயே பிரச்சினை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இது உங்களுக்குள் செய்யும் வேலை. இதை மட்டும் செய்துவிட்டு, கிளையன்ட்டிடம் எதையும் கேட்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான். மாதம் ஒரு முறை நேரடியாகக் கேளுங்கள். 'என் வேலை எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'நல்லாத்தான் இருக்கு' என்று வரும் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் இரண்டு நாள் யோசிப்பீர்கள். 'இந்த மாதம் நான் செய்ததில் உங்கள் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தியது எது? அடுத்த மாதம் நான் வேறு மாதிரி செய்ய வேண்டியது எது?' என்று கேளுங்கள். இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கண்டு பயப்பட வேண்டாம். எதை மாற்ற வேண்டும் என்று சொல்பவர், உங்களை வைத்துக்கொள்ள நினைப்பவர்.

வார இறுதியில் கிளையன்ட் கேட்காமலே ஒரு சிறு குறிப்பு அனுப்புவதும் நல்ல பழக்கம். இந்த வாரம் முடித்தவை, பாதியில் நிற்பவை, உங்களிடமிருந்து எனக்குத் தேவையானவை. பத்து வரிக்கு மேல் வேண்டாம். விர்ச்சுவல் அசிஸ்டென்ட்டின் நல்ல வேலைக்கு ஒரு சங்கடம் உண்டு. அது நன்றாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. மோதாத மீட்டிங்கையும், தவறாத விமானத்தையும், நினைவூட்டல் போனதால் நேரத்துக்கு வந்த இன்வாய்ஸ் பணத்தையும் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. அந்தக் குறிப்பு கிளையன்ட்டுக்கு எவ்வளவு அவசியமோ, அதைவிட உங்களுக்கு அவசியம். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், சாதித்த பல பெண்கள்கூட 'நான் தகுதியில்லாமல் இங்கே வந்துவிட்டேன், ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்' என்று உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தார்கள். பாராட்டைக் கேட்டு இந்த அச்சம் அவ்வளவு எளிதில் போய்விடுவதில்லை, 'அவர் சும்மா சொல்கிறார்' என்று மனம் தள்ளிவிடும். நாற்பது வாரக் குறிப்புகள் ஒரே கோப்பில் இருந்தால், அவற்றை அப்படித் தள்ளிவிடுவது கடினம்.

இனி அந்த மார்ச் மாதத் தவறு. கடிதத்தில் நீங்கள் விவரமாக எழுதியிருந்ததால் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். நியூயார்க்கில் இருக்கும் கிளையன்ட்டுக்கும் லண்டனில் இருக்கும் ஒருவருக்கும் மீட்டிங். காலண்டர் அழைப்பு அனுப்பாமல், வழக்கமான 5 மணி நேர வித்தியாசத்தை மனக்கணக்காகப் போட்டு மெயிலில் நேரத்தை எழுதிவிட்டார் நம் வாசகி. கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் மாற்றத்தை அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று செய்கிறது. பிரிட்டன் செய்வது மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவில் உள்ள அந்த இரண்டு, மூன்று வாரங்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். கடிகாரத்தைத் திரும்பப் பின்தள்ளும்போது, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒரு வாரமும் இதே கதை. லண்டன்காரருக்கு எழுதியது 3 மணி, வந்திருக்க வேண்டியது 2 மணி. கிளையன்ட் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

இது கவனமின்மை என்று நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். நான் இதில் பார்ப்பது வேறு. இது முறையில் இருந்த ஓட்டை, எத்தனையோ அனுபவசாலிகளும் விழுந்த ஓட்டை. ஓட்டையை அடைத்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. எல்லா மீட்டிங்குக்கும் காலண்டர் அழைப்பு. மெயிலில் நேரம் எழுத நேர்ந்தால் பக்கத்திலேயே ஊர்ப் பெயர். கடிகாரம் மாறும் நான்கு ஞாயிறுகளும் வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டால் அந்தத் தவற்றுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அதன் பிறகும் இரவில் அதை எடுத்து வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்வதால் கிளையன்ட்டுக்கு ஒரு பைசா லாபமில்லை. தூக்கமில்லாமல் மறுநாள் உட்கார்ந்தால் அடுத்த தவறுக்கு அதுவே வழியாகும்.

அடுத்த முறை தவறு நேரும்போது (எல்லோருக்கும் நேரும்) கிளையன்ட்டுக்கு நான்கு வரி போதும். 'மீட்டிங் நேரத்தை ஒரு மணி நேரம் தவறாகக் கொடுத்துவிட்டேன். அவரிடம் பேசி வியாழக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். இனி நேரத்தை அழைப்பாக மட்டுமே அனுப்புவேன். உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.' என்ன நடந்தது, என்ன செய்தேன், இனி என்ன செய்வேன், ஒரு முறை மன்னிப்பு. நான்கு முறை மன்னிப்புக் கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையும் கிளையன்ட் தலையில் விழுகிறது.

இப்போது போன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தக் குளியலறை வரிதான். அதைப் படித்துவிட்டு உங்கள்மேல் எனக்கு அக்கறையோடு கொஞ்சம் கோபமும் வந்தது, உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் ஒரு நாளில் சில மணி நேரங்களை விற்றிருக்கிறீர்கள். உங்களையே விற்கவில்லை.

உடனே பதில் சொல்லாவிட்டால் கிளையன்ட் என்ன நினைப்பாரோ என்பதுதானே பயம்? லாரா ஜர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. வேலை நேரத்துக்கு வெளியே, அவசரமில்லாத மின்னஞ்சலைப் பெறுபவர்கள், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் தர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுப்பியவருக்கோ அப்படி ஓர் அவசரமே இருப்பதில்லை. தலையில் தோன்றியதை மறக்கும் முன் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். நேர மண்டலம் வேறாக இருந்தால் இன்னும் மோசம். அவருக்குப் பிற்பகல், உங்களுக்கு நள்ளிரவு. அவர் மறுநாளைக்காக எழுதியதை நீங்கள் போர்வைக்குள் திறந்து படிக்கிறீர்கள். இதற்கு அந்த ஆய்வாளர்கள் கண்ட மருந்து மிகச் சிறியது: 'இது அவசரமில்லை, முடியும்போது பாருங்கள்' என்று அனுப்புபவர் ஒரு வரி சேர்த்தால் பெறுபவரின் பதற்றம் தணிகிறது. அந்த வரியைக் கிளையன்ட்டிடம் கேட்டு வாங்கலாம். தவறே இல்லை.

இப்படி எழுதுங்கள், இருவருக்குமே:

'உங்கள் வேலை தடையில்லாமல் நடக்க ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்ல விரும்புகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை இந்த மணியிலிருந்து இந்த மணி வரை வேலையில் இருப்பேன். அந்த நேரத்தில் வரும் மெசேஜுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பதில் தருவேன். மற்ற நேரத்தில் வருபவற்றை அடுத்த வேலை நாள் தொடங்கியதும் பார்ப்பேன். உண்மையிலேயே காத்திருக்க முடியாதது என்றால், மெசேஜ் வேண்டாம், போனில் கூப்பிடுங்கள். விமானம் ரத்து, அன்றைய மீட்டிங் மாற்றம் போன்றவற்றை அவசரம் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?'

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். அது கிளையன்ட்டையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. அவசரத்துக்குப் போன் என்று ஒரு வழி தனியாக இருப்பதால், மற்ற எல்லா ஓசைகளையும் நீங்கள் அணைத்துவிடலாம். மணி அடிக்கவில்லை என்றால் அவசரமில்லை. அது எழுதி ஒப்புக்கொண்ட விஷயம், இனி உங்கள் ஊகம் அல்ல. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர்கள் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே வந்தது. அப்படிப்பட்ட சட்டங்கள் ஊழியர்களுக்கானவை. உங்களைப் போலத் தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சட்டத்தை நீங்களே ஒரு பத்தியில் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே இருப்பது அதுதான்.

வேலை நேரத்தைக் கணக்கிடும் மென்பொருளான டைம் டிராக்கர் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது திரையைப் படம் எடுப்பதால் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் குற்ற உணர்வு என்று. இடைவேளை எடுக்கும்போது அதை நிறுத்திவிட்டு எழுந்திருங்கள், வந்து திரும்ப ஓட விடுங்கள். நிறுத்திய நேரத்துக்கு நீங்கள் யாருக்கும் கடன்பட்டவரில்லை. ஆறு மாதம் நம்பிக்கையாக வேலை செய்த பிறகு, 'மணிக் கணக்குக்குப் பதிலாக முடித்த வேலைக் கணக்கில் மாதத் தொகை பேசலாமா?' என்று கேட்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்தது என்பதை மனத்துக்கு எப்படித் தெரியப்படுத்துவது? இதில் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2020-ல் என் ஆலோசனைகள் எல்லாம் வீட்டிலிருந்து திரை வழியே என்று ஆனபோது, மாலையில் கடைசி ஆளிடம் பேசி முடித்து லேப்டாப்பை மூடுவேன். அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக் கணக்கு எழுதுவேன், அதே நாற்காலியில் புத்தகம் படிப்பேன். உடல் நகரவே இல்லை. கேட்ட துயரம் எல்லாம் என்னோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பேருக்கு இதைப் பற்றிப் பேசியவளுக்கே அது புரிய மூன்று மாதம் ஆனது. பிறகு ஒரு நாள் அந்த நாற்காலியை வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். கடைசி அழைப்பு முடிந்ததும் அதை மேசைக்கு அடியில் தள்ளி, ஹெட்செட்டை டிராயருக்குள் வைத்து மூடுவேன். அந்த டிராயர் மூடும் சத்தம்தான் என் வேலை நாள் முடிந்ததற்கான மணி. பிறகு கதவைத் திறந்து வெளியே போய்ப் பத்து நிமிடம் நடப்பேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் பயணத்தை நாம் வீண் நேரம் என்று நினைத்திருந்தோம். ஒரு வேடத்தைக் களைந்து இன்னொன்றை அணிய நமக்குக் கிடைத்த இடைவெளி அது.

உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும், உடலால் செய்வதாக. முடிக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன் புது வேலை எதையும் தொடாதீர்கள். திறந்திருக்கும் டேப்களை மூடுங்கள். நாளை முதலில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள், எவ்வளவு விவரமாக முடியுமோ அவ்வளவு. 'டிக்கெட்' என்று எழுதினால் மனம் அதை விடாது. 'காலை முதல் வேலையாக 14-ஆம் தேதி டிக்கெட்டுக்கு ஜன்னல் இருக்கை உறுதி செய்து, பிரதியைக் காலண்டரில் இணைக்க வேண்டும்' என்று எழுதினால் விடும். மைக்கேல் ஸ்கல்லின் என்ற தூக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் படுக்கையில் வேலையைச் சுமந்துகொண்டு புரள்பவர்களுக்கு ஐந்து நிமிடம் என்பது முயன்று பார்க்கக்கூடிய விலை.

'வீட்டில்தானே இருக்கிறாய்' என்பவர்களிடம் வாதாட வேண்டாம். அவர்கள் கண்ணுக்கு நீங்கள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் தெரிகிறது. ஒரு நாள் அரை மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, கிளையன்ட்டின் ரகசியங்கள் எதுவும் தெரியாதபடி, ஒரு பயணத் திட்டத்தை எப்படிப் போடுகிறீர்கள் என்று காட்டுங்கள். வேலை நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். முக்கியமாக, அந்த நேரம் முடிந்ததும் உண்மையிலேயே வெளியே வந்து அவர்களோடு இருங்கள். எப்போதும் பாதி வேலையில் இருப்பவரின் வேலை நேரத்தை யாரும் மதிப்பதில்லை, ஏனென்றால் அது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது.

தனிமை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் 11 மாதக் கதையில் சக பணியாளர் ஒருவர்கூட வரவில்லை என்பதைக் கவனித்தேன். இதே வேலையைச் செய்யும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் போதும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேசுங்கள். 'என் கிளையன்ட்டும் இப்படித்தான், மாதக் கடைசியில் ஒரே சொல்லில்தான் பதில் போடுவார்' என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் காதோடு சொன்னதைப் போலவே உங்கள் பாரத்தைக் குறைக்கும்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் 'பர்ன்அவுட்' என்பதை, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்று வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போதல், வேலைமேல் விலகலும் கசப்பும், வேலைத்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் முதலாவது எட்டிப் பார்க்கிறது, மற்ற இரண்டும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, படபடப்பு என்று இருந்தால், மேலே சொன்ன நோட்டையும் டிராயரையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். நேரில் ஒரு மருத்துவரையோ மனநல நிபுணரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, தாமதிக்காமல்.

இனி மூன்றாவது கிளையன்ட். வருமானம் கூடும் என்ற ஆசை நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைய நிலையில் ஒப்புக்கொண்டால், இரண்டு பேரின் மௌனத்துக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கும் நீங்கள் மூன்று பேருக்கு எழுதத் தொடங்குவீர்கள். அதனால் மறுக்க வேண்டாம், தள்ளி வையுங்கள். முதலில் இப்போதைய இருவருக்கும் அந்த வேலை நேரப் பத்தியை அனுப்புங்கள். ஒரு மாதம் அதன்படி நடந்து பாருங்கள். நோட்டில் பதிவுகள் சேரட்டும். போன் இல்லாமல் குளிக்கப் பழகுங்கள். புதியவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: 'உங்களோடு வேலை செய்ய விருப்பம். இப்போது இருப்பவர்களின் வேலையைச் சீராக அமைத்துக்கொண்டு, அடுத்த மாதம் 15-ஆம் தேதியிலிருந்து வாரத்துக்கு 6 மணி நேரத்தில் தொடங்கலாம். என் வேலை நேரமும் பதில் தரும் முறையும் இதோடு இணைத்திருக்கிறேன்.' காத்திருக்க அவருக்கு மனமிருந்தால், முதல் நாளிலிருந்தே உங்கள் நேரம் தெரிந்த ஒரு கிளையன்ட் உங்களுக்குக் கிடைக்கிறார். நாளைக்கே வேண்டும் என்று அவர் நின்றால், அவருடைய மெசேஜ்கள் எந்த நேரத்தில் வரும் என்பது இப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.